ஈஜிபுரா கிளினிக் வாசலில் முப்பத்து நான்கு ஜோடிச் செருப்பு

அனுப்புநர்:
ச. தமயந்தி,
உதவியாளர் (பதிவு, ஊசி, புண் கட்டு, கூட்டித் துடைப்பது எல்லாம்),
டாக்டர் ஸ்ரீகண்டன் கிளினிக்,
ஜெராக்ஸ் கடைச் சந்து, ஈஜிபுரா,
பெங்களூரு.

பெறுநர்:
உயர்திரு ஆயத்த அலுவலர் அவர்கள்,
மானிய முதல்நிலை மருத்துவ மாற்ற ஆயத்தப் பிரிவு,
நான்காம் மாடி (லிஃப்ட் ஆயத்த நிலையில் உள்ளது),
பெங்களூரு.

பொருள்: வரிசையில் இருந்த 34 நோயாளிகளை 'இல்லை' என்று பதிவு செய்தது – வாசலில் இருந்த செருப்பைக் குப்பை வண்டியில் ஏற்றியது – அதனால் திரு. ராஜேந்திரன் என்பவரின் இடது கால் ஆபத்தில் இருப்பது – ஜூலை முதல் தேதிக்குள் உத்தரவு வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் ஆய்வறிக்கை, நாள் 27.05.2025. 2. தங்கள் இணைப்பு மாற்ற அறிவிப்பு, நாள் 12.06.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மாநகராட்சி வார்டில் பேசப்படும் எந்த மொழியிலும் குறையைத் தெரிவிக்கலாம் என்று தங்கள் சுற்றறிக்கையில் போட்டிருக்கிறது. அதை நம்பித் தமிழில் எழுதுகிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்த கன்னடப் படியும் கூடவே இருக்கிறது. ஆனால் அதில் அவர் என் கோபத்தில் பாதியை எடுத்துவிட்டார். ஆகவே இதையே அசலாகக் கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் திருப்பத்தூர்க்காரி. டாக்டர் ஸ்ரீகண்டன் கிளினிக்கில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். டாக்டர் குடும்பம் மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருப்பது. அவர் தகப்பனார் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். அதனாலோ என்னவோ, அரசாங்கக் கடிதம் எது வந்தாலும் டாக்டர் எழுந்து நின்றுதான் வாங்குவார். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

2. ரேஷன் கார்டு வைத்திருப்பவர்கள் இதுவரை பட்டியலில் உள்ள எந்தச் சின்னக் கிளினிக்கிலும் மானியத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள். ஜூலை முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு குடும்பமும் ஒரே ஒரு கிளினிக்கோடு இணைக்கப்படும், மாத்திரையானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் சீட்டானாலும் அந்தக் கிளினிக் கொடுத்தால்தான் செல்லும் என்று அறிவித்தீர்கள். ஒரே டாக்டர் ஒரு குடும்பத்தைத் தொடர்ந்து பார்ப்பது நல்லதுதான் என்று எங்கள் டாக்டர் சொன்னார். நானும் நல்லதுதான் என்றேன். அதற்காக எங்களை ஆயத்தப்படுத்தப் போவதாகச் சொன்னீர்கள் பாருங்கள், சனி அங்கேதான் பிடித்தது.

3. முதல் கட்டமாக டாக்டருக்கு, ஊருக்கு வெளியே இருக்கும் ஆனேக்கலில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏழு நாள் பயிற்சி. மூன்றாம் நாள் பாடம், நோயாளிகள் காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பது எப்படி என்பது. பாடம் எடுக்க வேண்டியவர் சில்க் போர்டு சந்திப்பில் வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டார். அதனால் அறுபது டாக்டர்கள் அங்கே இரண்டரை மணி நேரம் காத்திருக்க, அவர்களுடைய அறுபது கிளினிக்கிலும் ஜனங்கள் இங்கே காத்திருந்தார்கள். பாடம் மனதில் நன்றாகப் பதிந்ததாக டாக்டர் சொன்னார். ஏழு நாளும் நான் வாசலில் நின்றுகொண்டு, உங்களை நன்றாகக் கவனிப்பதற்காக டாக்டர் வெளியூர் போயிருக்கிறார் என்று காய்ச்சல்காரர்களைத் திருப்பி அனுப்பினேன். அவர்கள் என்னைத் திட்டிய திட்டுகளை, தாங்கள் பெரியவர் என்பதால், இங்கே எழுதவில்லை.

4. எங்கள் கிளினிக்கின் வரிசை முறையைத் தாங்கள் தெரிந்துகொள்வது அவசியம். உள்ளே ஏழு நாற்காலி. டாக்டர் வருவது ஒன்பதரைக்கு. ஆனால் காலை ஆறு மணிக்கே ஆள் வந்துவிடும். கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்களும் வீட்டு வேலை செய்பவர்களும் மூன்று மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருக்க முடியுமா? தண்ணீர் பிடிக்க வேண்டும், அடுப்பைப் பார்க்க வேண்டும், பிள்ளைகளை ஸ்கூலுக்கு விரட்ட வேண்டும். ஆகவே வந்தவர் வந்த வரிசையில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். இதற்கென்றே பழைய ஜோடி ஒன்றை வைத்திருப்பவர்களும் உண்டு. ஒன்பதரைக்கு வந்து அவரவர் செருப்புக்குப் பக்கத்தில் நிற்பார்கள். தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு, எந்த வீட்டுச் செருப்பும் இந்தப் பத்தொன்பது வருடத்தில் இன்னொன்றை முந்தியதில்லை. நீல வார் வைத்தது ஆஸ்துமா, குதிகால் தேய்ந்தது முட்டி வலி என்று செருப்பைப் பார்த்தே யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன்.

5. 27.05.2025 அன்று காலை எட்டே முக்காலுக்குத் தங்கள் கள ஆய்வாளர் திரு. கிஷோர் டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். தங்கமான பிள்ளை, நான் போட்ட காபியை மறுக்காமல் குடித்தார். இந்த வரிசை முறையை அவருக்கு இரண்டு தடவை விளக்கினேன். படிவத்தில் செருப்புக்குக் கட்டம் இல்லை என்று தன்மையாகச் சொன்னார். அவர் எழுதியதை வார்த்தை மாறாமல் தருகிறேன்: "காத்திருக்கும் நோயாளிகள்: 0. கேட்பாரற்ற காலணிகள்: 34 ஜோடி. அருகில் வழிபாட்டுத் தலம் இருக்கக்கூடும்." ஐயா, எங்கள் சந்தில் இருப்பது ஒரு ஜெராக்ஸ் கடையும் ஒரு கோழிக்கறிக் கடையும்தான். இரண்டுக்கும் யாரும் வேண்டிக்கொண்டு வருவதில்லை.

அதே அறிக்கையில் இன்னொரு வரியும் இருக்கிறது: "ஒரு நபர் மட்டும் காலணியுடன் உள்ளே அனுமதிக்கப்படுகிறார். தூய்மை விதி மீறல். ஏழு நாளில் திருத்துக." அந்த ஒரு நபரையாவது நோயாளி என்று எழுதும்படி கேட்டேன். அவரை விதி மீறலில் சேர்த்தாகிவிட்டது, ஒரே ஆளை இரண்டு தலைப்பில் காட்டினால் டேப்லெட் ஏற்காது என்று பதில் வந்தது. அந்த நபர்தான் ராஜேந்திரன்.

6. ராஜேந்திரனுக்கு வயது ஐம்பத்திரண்டு. கோரமங்களாவில் ஓர் அபார்ட்மென்டில் பகல் வாட்ச்மேன். பதினான்கு வருடச் சர்க்கரை. இரண்டு பாதத்திலும் உணர்ச்சி இல்லை. இடது கட்டைவிரலுக்கு அடியில் புண். எட்டு மாதமாக ஒருநாள் விட்டு ஒருநாள் நான்தான் கட்டுப் போடுகிறேன். வீட்டுக்குள் கூட வெறுங்காலில் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது என்பது டாக்டர் கட்டளை. அவருக்கென்று மெத்தென்ற ரப்பரில் தனியாகச் செருப்பு செய்து வாங்கிக் கொடுத்தோம். அதற்கு அவர் பாதத்தைத் தாளில் வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு அளவெடுத்தது நான். கூச்சத்தில் நெளிந்துகொண்டே இருந்தார், இரண்டு தாள் வீணாயிற்று. அதனால்தான் எங்கள் கிளினிக்கில் அவர் ஒருவருக்கு மட்டும் செருப்போடு உள்ளே வர அனுமதி. ஒரு ரூபாய் அகலம் இருந்த புண் துவரம்பருப்பு அளவுக்குச் சுருங்கியிருந்தது.

7. ஏழாம் நாளான 03.06.2025 அன்று மறு ஆய்வு வரும் என்று சொல்லியிருந்தீர்கள். அதில் மார்க் குறைந்தால் கிளினிக் பட்டியலிலிருந்து போய்விடுமே என்று பயந்தேன். ராஜேந்திரன் கட்டுப் போட வந்தார். செருப்பை வெளியே விடச் சொன்னேன். கதவிலிருந்து கட்டிலுக்கு ஆறு அடிதானே என்று நினைத்தேன். அவரும் கழற்றி வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு வந்தார். நாள் முழுக்க அடுத்தவரை விதிப்படி நடக்கச் சொல்லிச் சம்பாதிக்கிற மனிதர், என்னிடமா மல்லுக்கு நிற்பார்?

நான் உள்ளே கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, வாசல் தூய்மை ஆயத்தம் என்று பலகை மாட்டிய ஒரு குப்பை ஆட்டோ வந்து, வாசலில் இருந்த செருப்பு அத்தனையையும் வாரிக்கொண்டு போய்விட்டது. சத்தம் கேட்டு நான் ஓடி வருவதற்குள் ஆட்டோ திருப்பம் தாண்டிவிட்டது. ஒன்பதரைக்கு வந்தவர்களுக்குள் யார் முதல் என்று அடிதடி. மறு ஆய்வுக்கு யாரும் வரவில்லை.

என் செருப்பு ராஜேந்திரன் காலில் பாதிக்குக் கூட ஏறவில்லை. டாக்டர் தன் ஷூவைக் கழற்றி நீட்டினார். டாக்டர் ஷூவில் கால் விடுவதா என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆட்டோ பிடிக்க நான் மெயின் ரோட்டுக்கு ஓடினேன். திரும்பி வருவதற்குள், டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று, மேம்பால வேலை நடக்கிற ரோட்டில் கட்டுத்துணியோடு நடந்தே போய்விட்டார். இரண்டு நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது உள்ளங்காலில் கம்பித் துண்டு ஒன்று இருந்தது. அந்த இரண்டு நாளும் அதன் மேல் நின்றுதான் கேட்டைத் திறந்து மூடியிருக்கிறார். அவருக்கு வலிக்கவே இல்லை.

செருப்பைக் கழற்றச் சொன்னது நான். இதைத் தங்கள் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

8. 12.06.2025 அன்று தங்கள் அறிவிப்பு வந்தது. நோயாளிகள் 0 என்று பதிவாகியிருப்பதால் ஈஜிபுராவில் தேவை இல்லை, எங்களிடம் இருந்த 412 குடும்பங்களும் இடம் காலியாக உள்ள ஆனேக்கல் கிளினிக்குக்கு மாற்றப்படுகின்றன, ஜூலை வரை ஒத்திகையாக இது இன்றே நடைமுறைக்கு வருகிறது என்று கண்டிருந்தது. இல்லாத நோயாளிகளை 412 குடும்பமாக எண்ணி மாற்றிய திறமைக்குத் தனியாக ஒரு பாராட்டு மனு அனுப்ப வேண்டும். இது முடியட்டும்.

ராஜேந்திரன் இரண்டு பஸ் மாறி 14ஆம் தேதி ஆனேக்கலுக்குப் போனார். அங்கே எங்கள் சந்து ஜனம் அத்தனையும் நின்றிருக்கிறது. டோக்கன் மிஷின் ஓடவில்லையாம். அடுத்து என்ன செய்வது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை, செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டுவிட்டார்களாம். அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன், அவரும் கல்யாண மண்டபத்தில் காத்திருந்த அறுபதில் ஒருவர்தான். ராஜேந்திரனுக்குப் பதிவு செய்ய ஜூலை 9ஆம் தேதி கொடுத்திருக்கிறார்கள். பதிவு முடியாமல் சீட்டு எழுதக் கம்ப்யூட்டர் விடாதாம்.

9. எங்கள் டாக்டர் தினமும் அவருக்குக் கட்டுப் போட்டு ஊசி போடுகிறார். அதற்குத் தங்கள் அனுமதியை அவர் கேட்கவில்லை. ஆனால் 21.06.2025 அன்று கட்டைவிரல் ஓரம் கறுத்திருப்பதைப் பார்த்தார். பத்து நாளைக்குள் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் டாக்டர் பார்த்தாக வேண்டும், தாமதித்தால் முதலில் விரல், பிறகு பாதம் என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதப் போனால், இவர் தங்கள் நோயாளி இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. டாக்டர் அன்று நான்கு தடவை முயன்றார். அவர் மேஜையைத் தட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மானியச் சீட்டு இல்லாமல் அந்த ஆஸ்பத்திரியில் சேர வேண்டுமானால், ராஜேந்திரன் அந்த அபார்ட்மென்டுக்குக் காவலாளியாக இல்லாமல் அங்கே குடியிருப்பவராக இருக்க வேண்டும்.

அந்தப் பத்து நாள் முடிவது ஜூலை முதல் தேதி. தங்கள் திட்டத்தின் தொடக்க விழாவும் அன்றைக்குத்தான். டாக்டருக்கு அழைப்பிதழ் வந்திருக்கிறது.

10. ஆகவே நான் வேண்டுவது:

அ) ராஜேந்திரன் கார்டை இன்றே எங்கள் கிளினிக்கோடு திரும்ப இணைத்து, டாக்டர் எழுதும் சீட்டு செல்லும்படி செய்ய வேண்டும். மற்ற 411 குடும்பங்களை ஆற அமரச் செய்யுங்கள், அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஆ) 27.05.2025 அறிக்கையில் 0 என்பதை, உள்ளே இருந்த ராஜேந்திரனை விட்டுவிட்டாலும், 34 என்று திருத்த வேண்டும். இரண்டு செருப்புக்கு ஓர் ஆள், அவ்வளவுதான் கணக்கு. படிவத்தில் கட்டம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இ) அள்ளிய செருப்புகள் எந்தக் கிடங்கிலாவது இருந்தால் ராஜேந்திரன் ஜோடியைத் தேடித் தர வேண்டும். கறுப்பு ரப்பர், இடது கால் கொஞ்சம் அகலம், வாரின் உள்பக்கம் என் கையெழுத்தில் அவர் பெயர் இருக்கும்.

என் மேல் நடவடிக்கை எடுப்பதானால் எடுத்துக்கொள்ளுங்கள். தங்கள் விதிக்குப் பயந்து டாக்டர் கட்டளையை மீறியவள் நான்தான், விசாரணைக்கு எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன், ஆனேக்கலானாலும் சரி. ஆனால் முதலில் அந்தச் சீட்டுக்கு வழி செய்யுங்கள் ஐயா. மனுவுக்கு முப்பது நாளில் பதில் என்று தங்கள் வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. எங்களிடம் எட்டு நாள்தான் இருக்கிறது.

இடம்: ஈஜிபுரா, பெங்களூரு
நாள்: 23.06.2025

இப்படிக்கு,
ச. தமயந்தி
(கையொப்பம்)

இணைப்பு:
1. ஆய்வறிக்கை நகல்.
2. இணைப்பு மாற்ற அறிவிப்பு நகல்.
3. கன்னடப் படி (கோபம் குறைக்கப்பட்டது).
4. ராஜேந்திரனின் இடது பாத அளவு, நான் பென்சிலால் வரைந்தது, அசல். பழைய செருப்பு கிடைக்காவிட்டால் இதை வைத்துப் புதிது செய்யலாம். இன்று காலை அவர் காலை இதன் மேல் வைத்துப் பார்த்தேன். ஐந்து விரலும் கோட்டுக்குள் இருக்கின்றன.