ஆயில் சீல் வராத வண்டி

தென்காசி,
ஆடி மாசம், 1962

அன்பு மகன் சிவசைலத்துக்கு அப்பா எழுதுதேன். விசுவநாதர் புண்ணியத்துல இங்கன எல்லாரும் உடம்புக்குச் சுகம், நீயும் மருமகளும் பம்பாய் மழையில சளி கிளி பிடிக்காம சுகமா இருக்கணும். மனசு சுகமான்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவேன். காரணம் ஒனக்கே தெரியும்.

சித்திரையில லீவுக்கு வந்தப்போ என் பட்டாளத்து மோட்டார் சைக்கிளுக்குன்னு முன்சக்கரத்தைத் தாங்குத புது போர்க் ஒண்ணு ரயில்ல சுமந்துட்டு வந்தியே, பழைய ஸ்பிரிங் போர்க் குழியில விழுந்தா மணிக்கட்டுக்கு ஆகாது, இது உள்ள எண்ணெய் ஊத்தி அமுங்கி எழும்புத புது மாடல், போன வருசம் இலத்தூர் விலக்கு ரோட்டுல வண்டியோட விழுந்து அடிபட்ட கைக்கு இதுதான் மருந்துன்னு சொன்னியே, நான் எம்புட்டுப் பூரிச்சுப் போனேன் தெரியுமாலே? பஜார்ல பாக்கிறவன்கிட்ட எல்லாம் எம்மவன் வாங்கியாந்தான்னு பெருமை அடிச்சேன். நீயே வண்டியை ஒர்க்‌ஷாப் அய்யாக்குட்டிகிட்ட விட்டுட்டு ரயிலேறின. அன்னையில இருந்து எப்போ போய்க் கேட்டாலும் ஆயில் சீல் வரல அண்ணாச்சி, மெட்ராஸ்ல இருந்து வரணும், அது இல்லாம மாட்டினா எண்ணெய் ஒழுகிரும்னே சொல்லுதான். நானும் நம்பி, தரகுக்குப் புளி விலை பேச ஆலங்குளத்துக்கும் இலத்தூருக்கும் பஸ்ஸுல தொங்கிட்டுப் போனேன், போய்ச் சேருததுக்குள்ள வேற தரகன் பேசி முடிச்சிருதான். ஒங்க அம்மா சோறு வைக்கும்போதெல்லாம் சீல் வந்துட்டான்னு கேப்பா. பாவம், நமக்காகக் கவலைப்படுதான்னு நினைச்சேன்.

போன சனிக்கிழமை நல்ல சாரல். எண்ணெய் தேச்சுக் குளிக்கலாம்னு ஐந்தருவிக்குப் போனா, அங்கன மரத்தடியில என் வண்டி நிக்குது, புது போர்க் மாட்டி, துடைச்சுப் பளபளன்னு. அருவிக்குள்ள பாத்தா அய்யாக்குட்டி மச்சினனோட ஆனந்தமா குளிச்சிட்டு இருக்கான். கையைப் பிடிச்சு வெளிய இழுத்து, ஏலே என்னலே இதுன்னு கேட்டேன். துண்டைப் பிடிச்சுக்கிட்டு முழிக்கான். பொறவு சொல்லுதான், வேலை வைகாசியிலேயே முடிஞ்சுட்டு அண்ணாச்சி, ஒங்க மவன்தான் அப்பாகிட்ட வண்டியைக் குடுத்துராதீங்க, கேட்டா சீல் வரலன்னே சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போனாரு, ஒங்க வீட்டுல மதினிக்கும் தெரியும், சும்மா நின்னா வண்டி கெட்டுருமேன்னுதான் எடுத்தேன்னு.

அடப்பாவி, அந்தப் போர்க்கை நீ வாங்கினது வண்டிக்கு இல்ல, என்னைக் கட்டிப்போட. வீட்டுக்கு வந்து கேட்டா ஒங்க அம்மா, விழுந்து செத்துப் போனா நான் என்ன செய்ய, நீங்க சொன்னாக் கேக்குத ஆளான்னு அழுதா. கேக்க மாட்டேன்தான். கத்துவேன், சோறு வேண்டாம்னு எந்திரிச்சுப் போவேன். அதுக்காக ஊரான் ஒருத்தனோட சேர்ந்து பெத்த அப்பனை மடையனாக்குவியாலே? ஒர்க்‌ஷாப்ல எல்லாவனும் நான் வந்துட்டுப் போனதும் சிரிச்சிருப்பான்லா?

அன்னைக்கு அருவிக்கரையிலேயே வண்டியை வாங்கி நானே ஓட்டிட்டு வந்தேன். போர்க் நல்ல போர்க்குதான், பொய் சொல்லக் கூடாது. அத்தனை குழியிலயும் மணிக்கட்டு வலிக்கவே இல்ல. எம்மவன் பாத்துப் பாத்து வாங்கினதுலான்னு நினைச்சதும் தாங்க முடியல, ஓரமா நிறுத்திட்டு அழுதேன்.

மருமகளுக்கு என் ஆசீர்வாதம், ரெண்டு பேரும் நல்லா இருங்க. மழையில சைக்கிள்ல வேலைக்குப் போகாதே. தீபாவளிக்கு வா. வந்து என் மூஞ்சியைப் பாத்து, அப்பா எனக்குப் பயமா இருக்கு, ஓட்டாதீங்கன்னு நீ ஒன் வாயால சொல்லு, சாவியை ஒன் கையில குடுத்துருதேன். அதுவரைக்கும் ஓட்டுவேன்.

இப்படிக்கு,
ஒன் அப்பா
தாணுமாலயன்