மஞ்சள் நூல் கட்டி வந்த எட்டு முறையீடுகள்

மங்கலம் நிறைக. ஆறும் ஏரியும் நிறைக. அளப்பவர் கையும் வாங்குபவர் மனமும் நிறைக.

பன்னிரண்டு கடைவீதிகளும் மூன்று துறைமுகங்களும் உடைய பெருவேங்கை நாட்டை ஆளும் அரசி திருநிறை நாச்சியார், மலைக்கோட்டையின் கீழைக் கூடத்தில் வீற்றிருந்து சொல்ல, ஓலைநாயகம் கூத்தபிரான் எழுதியது. பொன்வாரி வணிகர் குழுவின் தலைவரும், கடல் கடந்த ஊர்களிலும் சொன்ன சொல் மாறாதவர் என்று பெயர் பெற்றவரும், நமக்குக் காது குத்திய நாளில் மடியில் இருத்திக்கொண்டு நாம் கடித்த கடியைப் பொறுத்தருளியவருமாகிய அம்மான் பூதப்பனார் கண்டுகொள்க. தங்கள் மாளிகையும், அதில் உள்ள ஆவினமும், இருமலுக்குக் கஷாயம் காய்ச்சிக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் பின்னால் அலைகின்ற அம்மாமியாரும் நலமே இருக்க. கஷாயத்தைக் குடித்துவிடுங்கள். இது அரச கட்டளையில் சேராது, மருமகளின் வேண்டுகோள்.

இங்கே யாவரும் நலம். நாவல்துறை நீலாயி ஒருத்தி மட்டும் எட்டு மாதமாக நலமாக இல்லை. அவள் நலம் கெட்டதில் தங்கள் வீட்டுக்கும் பங்கு உண்டு, நம் வீட்டுக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லவே இந்த ஓலை.

நாவல்துறையைத் தாங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். ஊருக்கு ஒரு பக்கம் மலை, மற்ற மூன்று பக்கமும் சுழலியாறு. உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே ஒரு பரிசல்தான். அதை ஓட்டுகிறவள் நீலாயி. இருபது பேரை ஏற்றுவாள். இருபத்தொன்றாவது ஆள் தங்களைப் போன்ற செல்வராக இருந்தாலும், நம்மைப் போன்ற முடி சூடியவராக இருந்தாலும், அடுத்த நடைக்குக் கரையில் நிற்க வேண்டியதுதான். அவளுடைய கணவன் வேலப்பன் மூங்கில் பிளப்பவன், அதிகம் பேசாதவன். அவள் அவனுக்கும் சேர்த்துப் பேசுவாள் என்று ஊரில் சொல்கிறார்கள். பேசட்டும், நன்றாகத்தான் பேசுகிறாள்.

சென்ற ஆண்டு அவளுடைய பழைய பரிசலின் தோல் கிழிந்துபோயிற்று. புதுத் தோலும் மூங்கிலும் வாங்க, தங்கள் குழு தருகின்ற செப்பு வில்லையைக் கையில் எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனாள். அந்த வில்லையின் பெருமையை நாம் தங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. உள்ளங்கை அளவு செம்பு, ஒரு பக்கம் மீன் குறி, மறுபக்கம் வைத்திருப்பவர் பெயர். எந்தக் கடையில் காட்டினாலும் பொருள் கிடைக்கும். அடுத்த முழுநிலவுக்குள் குழுவுக்குப் பணம் கட்டினால் வட்டி இல்லை, தவறினால் மாதம் நூற்றுக்கு ஒன்று. எளியவர்களும் தலை நிமிர்ந்து கடை ஏற வேண்டும் என்று தாங்கள் கொண்டுவந்த ஏற்பாடு அது. அந்த ஆண்டு தங்களைக் கட்டிக்கொண்டு நாம் அழுதது நினைவிருக்கும்.

நீலாயி வாங்கியது முந்நூறு காசுக்கு. மாதம் பத்துக் காசு கட்டினால் முதலும் வட்டியுமாகக் கரைந்துவிடும் என்று விரல் மடக்கிப் பார்த்து, அதன்பிறகே வாங்கினாள். அப்படித்தான் கட்டியும் வந்தாள். மாரிக்காலம் கழிந்து சுழலியாற்றின் வெள்ளம் வடிந்ததும், வழக்கமான பத்துக் காசை எடுத்துக்கொண்டு அக்கரையில் உள்ள தங்கள் குழுவின் கொட்டகைக்குப் போனாள். அங்கே இருந்த கணக்கர், வட்டி நூற்றுக்கு நான்காகி இருபது நாள் ஆயிற்றே, தெரியாதா என்று கேட்டிருக்கிறார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து மறுபடியும் விரல் மடக்கிப் பார்த்தாள். பத்துக் காசு கட்டினாலும் கடன் குறையவில்லை, ஏறுகிறது. வேலப்பனை எழுப்பி அவனுடைய விரல்களையும் மடக்கிப் பார்த்தாள். அப்போதும் ஏறியது.

அன்றைக்கே அவள் நமக்கு ஓலை எழுதினாள். எழுத்து கோணல், கணக்கு நேர். முறையீடு எழுதியாயிற்று, இனி எதால் கட்டுவது என்று வந்தபோதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வழி பிறந்தது. முறையீட்டு ஓலையை வெள்ளை நூலால் கட்ட வேண்டும் என்பது நம் கோட்டையின் விதி. நாவல்துறையிலோ வெள்ளை நூல் கட்டிய ஓலை வந்தால் சாவுச் செய்தி. அவிழ்ப்பதற்கு முன்பே வாங்கியவர் அழத் தொடங்கிவிடுவார். தான் தாயாக நினைக்கின்ற அரசிக்கு அப்படி ஒன்றை அனுப்ப அவளுக்குக் கை வருமா? நூலை மஞ்சளில் தோய்த்து, நிழலில் உலர்த்தி, மூன்று சுற்றுச் சுற்றி அனுப்பினாள்.

நம் கோட்டையில் மஞ்சள் நூல் கட்டி வருவது மண ஓலை. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வருகிறது. அவற்றை யாரும் அவிழ்ப்பதில்லை என்பதை நாமே இப்போதுதான் அறிந்தோம். நூலின் நிறத்தைப் பார்த்து, வெளியே எழுதியிருக்கும் ஊரையும் பெயரையும் பார்த்து, பண்டசாலையார் ஒரு பட்டுப்புடவையும் வெற்றிலை பாக்கும் வாழ்த்தோலையும் அனுப்பிவிடுவார்களாம். வட்டி ஏறிவிட்டது தாயே என்று எழுதியவளுக்கு, பன்னிரண்டாம் நாள் பட்டுப்புடவை போய்ச் சேர்ந்தது. கூடவே போன வாழ்த்தோலையில், உங்கள் இல்லத்தில் இருப்பதெல்லாம் மேன்மேலும் பெருகுவதாக என்று நம் பெயரில் எழுதியிருந்தது. அவள் இல்லத்தில் அப்போது இருந்தது கடன் ஒன்றுதான்.

அரசி ஏன் இப்படிச் சொன்னார் என்று நீலாயி மூன்று நாள் யோசித்தாளாம். தான் தெளிவாக எழுதவில்லை போலும் என்று தன்மேலேயே குறை கண்டு, அடுத்த மாதம் இன்னும் விளக்கமாக எழுதினாள். இன்னொரு புடவை வந்தது. இப்படியே எட்டு மாதம், எட்டு ஓலை, எட்டுப் புடவை. அரசிக்கு உன்மேல் என்ன இவ்வளவு ஆசை என்று பரிசலில் ஏறிய பெண்கள் கேலி செய்தார்கள். ஒன்றையாவது உடுத்திப் பாரேன் என்று பேசாத வேலப்பனே பேசிவிட்டான். அவள் ஒன்றின் மடிப்பைக்கூடக் கலைக்கவில்லை. புடவையை உடுத்திவிட்டால் கேட்டதற்குப் பதில் வாங்கிக்கொண்டதாக ஆகிவிடும், அதன்பிறகு எந்த முகத்தோடு மறுபடி கேட்பது என்பது அவள் எண்ணம்.

ஒன்பதாம் மாதம் பிறந்தபோது குழுவின் ஆள் வந்து, வருகிற முழுநிலவுக்குள் நிலுவை தீராவிட்டால் பரிசல் குழுவுக்குச் சேரும் என்று சொல்லிப் போனான். நீலாயி அதன்பிறகு ஓலை எழுதவில்லை. துடுப்பை வேலப்பன் கையில் கொடுத்தாள். எட்டுப் புடவைகளையும் மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஆறு நாள் நடந்து கோட்டைக்கு வந்தாள்.

அன்று நாம் கூடத்தில் இருந்தோம். அவள் மூட்டையை நம் முன்னால் வைத்து அவிழ்த்து, ஒவ்வொரு புடவையாக எடுத்து அடுக்கினாள். அதன்பின் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதச் சொல்லியிருக்கிறோம்.

“தாயே, எட்டுச் சேலை வந்துச்சு. ஒண்ணும் கெடல, எண்ணிப் பாத்துக்குங்க. எனக்குச் சேலை வேணாம், பதிலு வேணும்.”

பண்டசாலைத் தலைவர் தம் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். மண ஓலைகள் கிடந்த கூடைகளைக் கொண்டுவரச் செய்து, அவளுடைய எட்டையும் தேடி எடுத்து, நம் கையாலேயே அவிழ்த்துப் படித்தோம். ஒவ்வொன்றும் நம் நலம் கேட்டுத் தொடங்குகிறது. மாரியில் காய்ச்சல் கண்டதாகக் கேள்விப்பட்டேன், ஆற்றுக் காற்றில் நிற்காதீர்கள் என்று ஒன்றில் எழுதியிருக்கிறாள். எட்டாவது ஓலையில், பரிசலை எடுத்துக்கொண்டால் நான் எப்படிப் பிழைப்பேன் என்று கேட்கவில்லை, ஊர் எப்படி ஆறு தாண்டும் என்று கேட்கிறேன் என்று இருந்தது. நமக்குக் கண் கலங்கிவிட்டது. சபையில் அரசி கண் கலங்கலாமா என்று தாங்கள் கேட்பீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள், கலங்கியது கலங்கியதுதான்.

அடுத்து, இங்கே கோட்டையில் உள்ள தங்கள் குழுவின் கணக்கர் சாத்தையனை அழைத்து விசாரித்தோம். வட்டியைக் கூட்டுவதாயின் மூன்று சந்தை நாள் முன்னதாக ஊருக்குள் முரசு அறைய வேண்டும். ஏற்காதவர் வில்லையைத் திருப்பிக் கொடுத்து, நின்ற கடனைப் பழைய வட்டியிலேயே அடைத்துக்கொள்ளலாம். இது தாங்களும் நம் தந்தையாரும் சேர்ந்து எழுதிய சட்டம். சாத்தையன் சிறிதும் தயங்காமல், நாவல்துறையில் மூன்று சந்தை நாளும் முறைப்படி முரசு அறைந்தாயிற்று என்று கையெழுத்திட்ட ஓலையை நீட்டினார். நாள், நாழிகை, அறைந்தவன் பெயர், கூலி எல்லாம் அதில் இருந்தன. நாமும் ஒரு கணம் திகைத்தோம். நீலாயி தான் ஒரு சொல் சொல்லலாமா என்று கேட்டாள். சொல்லச் சொன்னோம்.

“முரசு ஊருக்குள்ள வரணும்னா எம் பரிசல்லதான் ஏறணும். ரெண்டாளு எடத்தை அடைக்கும், ரெண்டாளு கூலி வாங்குவேன். அது ஏறவே இல்ல தாயே. அந்த மூணு சந்தை நாளும் வெள்ளம், பரிசலு கரையில கவுந்து கெடந்துச்சு.”

சாத்தையன் முகம் போன போக்கைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். வேறு வழியின்றி ஒப்புக்கொண்டார். வெள்ளம் புரண்டோடுகையில் அக்கரையில், கொட்டகைத் தாழ்வாரத்தில் நின்றபடி முரசு அறைந்திருக்கிறார்கள். ஆற்றின் இரைச்சலில் அது அறைந்தவன் காதுக்கே கேட்டிருக்குமோ என்னவோ. இது தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றே நம்புகிறோம். தெரிந்து நடந்திருந்தால் இந்த ஓலையில் கஷாயத்தைப் பற்றிய பேச்சு இருந்திராது.

ஆகவே அம்மான் அவர்கள் செய்யத்தக்கது யாதெனில், நாவல்துறையில் வில்லை வைத்திருக்கும் அனைவருக்கும் வட்டி பழையபடி நூற்றுக்கு ஒன்றே என்று கணக்கைத் திருத்தி, எட்டு மாதத்தில் மிகையாக வாங்கியதை அவரவர் கடனில் கழித்து, நீலாயியின் பரிசல்மேல் போட்ட, நாம் அன்றே சபையில் நிறுத்திவைத்த பிடியை இந்த ஓலை கண்ட பொழுதே அடியோடு நீக்கிவிடுக. இனி எந்த ஊரில் வட்டியைக் கூட்டினாலும் முரசு ஊருக்குள் போனதற்கு அவ்வூர்ப் பெண்கள் இருவர் சாட்சிக் குறி இட வேண்டும். தங்கள் பங்கை இவ்வளவோடு நிறுத்தினோம்.

நம் வீட்டின் பிழைக்கும் தீர்ப்புச் சொல்லியாயிற்று. வட்டியைப் பற்றிய குறையை எவரும் எந்த நூலாலும் கட்டி அனுப்பலாம், நூலே இல்லாமலும் அனுப்பலாம். கோட்டைக்கு வரும் ஓலை எதுவாயினும் அவிழ்த்துப் படித்த பிறகே அதற்கு மறுமொழி போகும். வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாகக் கொண்டுவந்தவர் கையில் அன்றே நறுக்கோலை ஒன்று கொடுக்கப்படும். முப்பது நாளுக்குள் பதில் போகாவிட்டால் குறை சொன்னவர் நம்மிடம் நேரே வரலாம். அவருடைய வழிச்செலவு பண்டசாலைத் தலைவரின் ஊதியத்தில் பிடிக்கப்படும். அவர் இப்போது விடியலிலேயே வந்து ஓலை அவிழ்க்கிறார்.

இன்னும் ஒன்று உண்டு. நீலாயி ஊர் திரும்பிப் பதினைந்தாம் நாள், நாம் உணவருந்திக்கொண்டிருக்கையில் பண்டசாலைத் தலைவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். கையில் மஞ்சள் நூல் கட்டிய ஓலை, வெளியே நாவல்துறை நீலாயி என்ற பெயர். மறுபடியும் என்ன தவறு நேர்ந்ததோ என்று எச்சில் கையோடு எழுந்துவிட்டோம். அவர் அவிழ்த்துப் படித்தார். நம் நலம் கேட்டிருந்தாள். அடுத்த வரியில், பரிசல் நிலைத்ததால் தடைப்பட்டிருந்த நல்ல காரியம் கூடிவந்தது, வருகிற வளர்பிறை ஐந்தாம் நாள் என் மகள் பவளாயிக்குத் திருமணம், தாங்கள் வர வேண்டும் என்று இருந்தது. பண்டசாலைத் தலைவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தார். நாமும் சிரித்தோம்.

நாம் போகிறோம். தாங்களும் அம்மாமியாரோடு வந்து சேருங்கள். பரிசலில் எல்லோரையும் போல வரிசையில் நின்று, கூலி கொடுத்து, அவள் காட்டிய இடத்தில் உட்கார்ந்து ஆறு தாண்டுங்கள். முன்பு திரும்பி வந்த எட்டுப் புடவைகளில் அவளுக்கு எது பிடித்திருந்தது என்று வேலப்பனிடம் ஆள் அனுப்பிக் கேட்டோம். அரக்கு நிறத்ததை இரண்டு தரம் தொட்டுப் பார்த்தாள் என்று அவன் சொல்லியிருக்கிறான். அதை நம் கையாலேயே கொண்டு போகிறோம். இம்முறை பதிலைக் கொடுத்துவிட்டுப் புடவையைக் கொடுக்கிறோம், ஆகையால் உடுத்துவாள்.

இது நம் ஆணை, நம் அன்பும் ஆகும். வேங்கை முத்திரை ஒற்றி, மஞ்சள் நூல் கட்டி விடுத்தோம். அவிழ்த்தவர் செய்க.