நடக்காத மட்டக்குதிரையும் நாம் இருவரும்

இன்று கம்பெனி கேன்டீனில் கொள்ளு சுண்டல் போட்டார்கள். தட்டை நீட்டியதும் ஆவி முகத்தில் அடித்தது. பின்னால் நின்ற, அசெம்பிளி லைனில் வேலை செய்யும் பெண், "இன்னாக்கா, நம்மள குதிரை ஆக்கிட்டானுங்களா? துன்னுட்டு ஓ.டி.க்கு ஓட வேண்டியதுதான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் தேங்காயையும் தாளித்த கடுகையும் தாண்டி வேறொரு வாசனை வந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பின்பக்கம் அண்டாவில் வேகும் கொள்ளு, ஈரச் சாக்கு, குதிரை வியர்வை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த என் தொடைகள் இரண்டும் தாமாக இறுகின. விழுந்துவிடுவேன் என்று உடம்பு நினைத்துக்கொண்டது. தட்டை அப்படியே திருப்பி வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதனால்தான் உனக்கு இதை எழுதுகிறேன்.

பள்ளியில் நாம் ஒரே பெஞ்சு. பிளஸ் டூ முடிந்ததும் நான் பிள்ளைப்பாக்கத்திலிருந்து காலேஜ் பஸ் ஏறினேன். எங்கள் வீட்டில் அந்தப் படியில் கால் வைத்த முதல் ஆள் நான்தான். நீ உன் அப்பாவோடு குதிரைத் தொழிலுக்குப் போனாய். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு உங்களிடம் ஒரு வெள்ளைக் குதிரை இருந்தது. நான் படிப்பை முடித்துக் கம்பெனியில் சேர்ந்த வருஷம், காதுகுத்துக்குப் பிள்ளையை ஏற்றி ஊரைச் சுற்றி வர ஒரு மட்டக்குதிரையும் வேண்டும் என்று ஒரு புரோக்கரிடம் வாங்கினீர்கள். ஆடி பிறந்துவிட்டது. விசேஷம் எதுவும் இல்லாத மாதம், பழக்குவதற்கு நேரம் இருந்தது. அப்போதுதான் தெரிந்தது. வெறும் முதுகோடு இருந்தால் அது நாய்க்குட்டி மாதிரி உன் பின்னாலேயே வரும். சேணம் கட்டி ஓர் ஆள் ஏறிவிட்டால் நாலு காலையும் மண்ணில் நட்டதுபோல் நின்றுவிடும். இழுத்தாலும் வராது, தள்ளினாலும் வராது. நீ அதற்குக் கல்லு என்று பேர் வைத்தாய்.

"ஆவணி மொத முகூர்த்தத்துக்குள்ள நடக்கலன்னா புரோக்கராண்டயே தள்ளி வுட்டுடுவேன்" என்று உன் அப்பா சொல்லிவிட்டார். "தீனி போட்டு சாமி கும்பிடவா வெச்சிக்கினு கீறோம்?"

திரும்பிப் போனால் அடுத்தது செங்கல் சூளை வண்டிதான் என்று என்னிடம் நீ சொன்னாய். சொல்லிவிட்டு என்னையே பார்த்தாய்.

"நீ ஏறுடி."

"நானா?"

"நான் ஏறுனா அது உக்காந்துடும். வெயிட்டும் இல்லாம, ஒண்ணும் தெரியாத ஆளுதான் வேணும். ஏறப் போற பசங்களும் அப்படித்தானே இருக்கும்?"

எனக்கு நாய் என்றால் பயம். லிஃப்ட் என்றால் பயம். கம்பெனியில் சூப்பர்வைசர் என் பேரைச் சொன்னாலே பயம். ஆனால் எல்லாவற்றையும்விட, முடியாது என்று ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்வதற்குப் பயம். வாயைத் திறக்காததால் எங்கள் தெருவில் எனக்கு "படிச்ச திமிரு" என்று பேர். அப்படித்தான் அந்த ஆடி மாதம் முழுக்க, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸிலிருந்து உங்கள் ஊரில் இறங்கி, விற்காமல் கிடந்த வீட்டுமனைப் பிளாட்டுகளுக்கு நடுவே ஒரு குதிரையின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

கீழே இருந்து பார்த்தால் அது சின்னக் குதிரைதான். மேலே இருந்து பார்த்தால் தரை எங்கேயோ கிடந்தது. எல்லைக் கற்கள் ஒவ்வொன்றும் என் தலை விழப்போகும் இடமாகத் தெரிந்தது. சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் சர்வீஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி புஸ்ஸென்று பிரேக் காற்றை விடும்போதெல்லாம் இரண்டு கையாலும் பிடரி மயிரைப் பிடித்துக்கொள்வேன். "அத்த பிச்சிடாதடி, முடி கொட்டுன குதிரைய எவன் கூப்புடுவான்?" என்பாய். குதிகாலால் அதன் விலாவைத் தட்டச் சொன்னாய். தட்டினேன். கல்லு நின்றது. வெல்லம் காட்டினாய். நின்றது. நான் இறங்கி, என் செருப்பைத் தேடுவதற்குள் நடந்து போய்ப் புல் மேயத் தொடங்கியிருக்கும்.

ஒருநாள் உன் அப்பா வேப்பங்குச்சியோடு வந்தார். நான் மேலே இருந்தேன். "இறங்காதம்மா, அப்படியே உக்காரு. திமிர எடுத்தாத்தான் அடங்கும்" என்றார். நீ, "வேணாம்பா" என்றாய். அடி விழுந்தது. எனக்குக் கண் இருட்டியது. துள்ளி எறியப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கல்லு துள்ளவில்லை. மறுபடி அடி. அசையவில்லை. ஆனால் சேணத்துக்கு அடியில் அதன் தோல் முழுக்க நடுங்கியது. அந்த நடுக்கம் என் காலில் ஏறியது. எது அதனுடையது, எது என்னுடையது என்று பிரிக்க முடியவில்லை. எனக்கு அந்த நடுக்கம் நன்றாகத் தெரியும். திமிர் பிடித்தவர்கள் அப்படி நடுங்குவதில்லை.

உன் அப்பா குச்சியைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தார். "இரு, வீடியோ எடுத்து அந்த புரோக்கருக்கே அனுப்பறேன். குதிரையா குட்டிச்சுவரான்னு அவனே சொல்லட்டும்." போனை முகத்துக்கு நேராகத் தூக்கினார்.

அப்போது கல்லு அசைந்தது. நடக்கவில்லை. முன்கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்தது. கழுத்தைத் தூக்கியது. காதுகளை முன்னால் கூராக்கிப் போனைப் பார்த்து நின்றது. அடிபட்ட நடுக்கத்தோடேயே, அத்தனை அழகாக.

அவர் போகும்வரை காத்திருந்தேன். பிறகு உன்னிடம் மெதுவாகச் சொன்னேன்: "அது போட்டோவுக்கு நிக்குதுடி."

நீ முதலில் சிரித்தாய். பிறகு சிரிப்பு நின்றது. அங்கேயே புரோக்கருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாய். அவர் பெருமையாகவே சொன்னார்: "ஆமாம்மா, பீச்சாண்ட போட்டோ எடுக்கறவன்கிட்ட வாங்குனது. தங்கமான குதிரை. மேல புள்ளைய ஏத்திட்டா எறக்கற வரைக்கும் ஆடாது அசங்காது. ஒரு படம்கூட கலங்காது, பாத்துக்க."

நீ போனை வைத்துவிட்டுக் கல்லுவின் நெற்றியில் உன் நெற்றியை முட்டினாய். "சொன்ன பேச்ச கேட்டுக்கினு நின்னதுக்கா உன்ன அடிச்சோம்?" என்றாய். எனக்கு அழுகை வந்தது. குதிரைக்காக மட்டும் வந்த அழுகை இல்லை அது. உனக்கு அது தெரியும் என்று நினைக்கிறேன். 

அடுத்த நாளிலிருந்து தட்டுவதும் இல்லை, இழுப்பதும் இல்லை. நேராகப் போகச் சொன்னால்தான் அது நிற்கும், பக்கவாட்டில் திருப்பு என்றாய். ஒரு பக்க லகானை மட்டும் என் முட்டியை நோக்கிக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். தலை திரும்பும். கழுத்து வளையும். உடம்பின் பாரம் ஒரு பக்கம் சாயும். சாய்ந்தால் விழாமலிருக்க ஒரு காலை எடுத்து வைத்தே ஆகவேண்டும். எனக்கு அந்தச் சாய்வுதான் பெரிய பயம். குதிரையோடு சேர்ந்து நானும் கவிழ்வதுபோல் இருக்கும். கல்லு ஒரு முன்காலை எடுத்து வைத்த அந்த நொடியே நீ, "வுடு, வுடு, லகான வுடு!" என்று கத்தினாய். விட்டேன். உடனே என்னை இறக்கிவிட்டுச் சேணத்தைக் கழற்றினாய்.

"ஒரே ஒரு அடிதானே வெச்சுது?"

"வெச்சுதுல்ல? போதும். பேராசப்பட்டு ரெண்டாவது அடி கேட்டா மொத அடியும் போயிடும்."

மறுநாள் சில அடிகள். ஆடி முடியுமுன் ஒரு பிளாட்டைச் சுற்றி வந்தோம். அந்தப் பக்கம் யாரும் போனைத் தூக்கக் கூடாது என்று நீ சட்டம் போட்டாய். அந்தச் சட்டம் ஊருக்குச் செல்லாது என்பதை நாம் யோசிக்கவில்லை.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் காதுகுத்து. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை கல்லுவின் மேல். மாமன் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நடந்தார். நீ முன்னால் கயிற்றோடு. உன் அப்பா மேளக்காரர்களுக்கு வழி செய்துகொண்டு போனார். நான் லீவு போட்டுவிட்டு, சும்மா, ஓரமாக வந்தேன். ஊருக்குள் கல்லு நன்றாக நடந்தது. கோயிலுக்குப் போக மெயின் ரோட்டைக் கடக்க வேண்டும். நடு ரோட்டில் ஓர் அத்தை, "இங்க பாரு செல்லம், அத்தைய பாரு!" என்று போனைத் தூக்கினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு எல்லோரும். அத்தனை போன்கள்.

கல்லு முன்கால்களைச் சேர்த்து வைத்தது. காதைக் கூராக்கியது. நின்றுவிட்டது.

இரண்டு பக்கமும் லாரிகள் வந்து நின்றன. ஹாரன். குழந்தை வீறிட்டது. அதன் அம்மா, "எறக்குங்க, எறக்குங்க" என்று கத்தினாள். குழந்தையின் கால் சேணத்து வாரில் மாட்டியிருந்தது. நீ முன்னால் இழுத்தாய். நேராக இழுத்தால் நிற்கும் என்று என்னிடம் சொன்ன நீயே மறந்துபோய் நேராக இழுத்தாய். உன் அப்பாவின் கை குச்சியைத் தேடியது.  கத்திச் சொல்ல எனக்கு வராது. கால்கள் மட்டும் போயின. கூட்டத்துக்குள் புகுந்து, கடிவாளத்தின் கன்னப் பட்டையைப் பிடித்து, அதன் முகத்தைப் போன்களிலிருந்து என் பக்கம் திருப்பினேன். திருப்பிப் பிடித்தேன். ஹாரன் விடவில்லை.  பாரம் சாய்ந்தது. ஒரு கால். பிடியை விட்டேன். இன்னொரு கால். அப்படியே வளைந்து வளைந்து ரோட்டைத் தாண்டினோம்.

கோயில் வேப்பமரத்தடியில் நீ என் கையைப் பிடித்தாய். உன் கை பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. நடுங்கியது. நான் உன்னை ஆச்சரியமாகப் பார்த்திருக்க வேண்டும்.

"இன்னாடி பாக்கற? எனக்கும் பயந்தான். எப்பவும் பயந்தான். உனக்கு மூஞ்சில தெரியுது, எனக்குத் தெரியல. அவ்ளோதான்."

அன்று சாயங்காலம் உன் அப்பா புரோக்கரைப் பற்றிப் பேசவில்லை. கல்லுவுக்கு அவரே கொள்ளு வைத்தார்.

அடுத்த மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். சர்வீஸ் ரோடு திருப்பம், ஈரம், உன் ஸ்கூட்டி, ஒரு டிரெய்லர். அதற்கு மேல் என்னால் எழுத முடியாது. அதற்குப் பிறகு வெகுநாள் நான் அந்தத் திருப்பத்தின் வழியே போகவில்லை. ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, ஏரிக்கரை சுற்றி வருவேன்.

காரியம் முடிந்து சில நாளில் உங்கள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு மினி லாரி நின்றது. புரோக்கர் பலகை சாய்த்துக்கொண்டிருந்தார். உன் அப்பா உள்ளே திரும்பி உட்கார்ந்திருந்தார். "கூட்டிக்கினு போவட்டும்மா. அது கனைக்கும்போதெல்லாம் எம்பொண்ணு பின்னாடி வந்து நிக்கிற மாதிரியே கீது. என்னால முடியல."

எனக்கு அவரிடம் பயம். சாவு வீட்டில் நிற்கவே பயம். புரோக்கர் என்னைப் பார்த்த பார்வைக்கும் பயம்.  நேராகச் சொல்ல வரவில்லை. அதனால் பின்பக்கம் போய்ச் சேணத்தை எடுத்து வந்து கட்டினேன். ஏறினேன். கயிற்றைப் பிடிக்க முன்னால் நீ இல்லாமல் ஏறியது அதுதான் முதல் முறை. புரோக்கர், "எதுக்கும்மா, நானே ஏத்திக்கிறேன்" என்றார். நான் லகானைத் திருப்பினேன். நீ போனதிலிருந்து யாரும் ஏறாத குதிரை; நெடுநேரம் நின்றது. பிறகு ஒரு காலை எடுத்து வைத்தது. அதோடு இறங்கிவிட்டேன்.

உன் அப்பா வாசலுக்கு வந்திருந்தார். "ஒரு அடிதானேம்மா வெச்சுது" என்றார்.

"இன்னிக்குப் போதும்பா. நாளைக்கு வரேன். தினமும் வரேன். அனுப்பாதீங்க."

அந்த வீட்டில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் என்னைப் பார்த்தார், கல்லுவைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு துண்டுக்குள்ளிருந்தே புரோக்கரிடம், "டீ குட்ச்சிட்டு கெளம்புய்யா" என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக் காதுகுத்துகளில் கயிறு என் கையில். கோயிலுக்குப் போக வேறு வழி இல்லை. நீ போன அந்தத் திருப்பத்தைத் தாண்டித்தான் மெயின் ரோட்டுக்கு ஏற வேண்டும். லாரிக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டுகிறேன். கை நடுங்குகிறது. நடுங்குகிற கைக்கும் லாரி நிற்கிறது. பின்னால் மேளத்தோடு வரும் சொந்தக்காரர்களுக்கு அது தெரிவதில்லை. போன வாரம் ஓர் அம்மா குழந்தையை ஏற்றும்போது, "இந்தப் பொண்ணுக்குப் பயமே இல்ல பாரேன்" என்றாள்.  உன் சில்லிட்ட கையைத்தான் நினைத்துக்கொண்டேன். என் முகத்திலும் இப்போதெல்லாம் பயம் தெரிவதில்லை போலிருக்கிறது.