அடி விழாத கிக்

ஜூலை 3, வியாழன்

நீலத்தைப் போட்டால் ஸ்பீக்கர் பக்கத்தில் இருக்கும் பிஸ்கட் டின்னின் மூடி அதிர்கிறது. சாம்பலைப் போட்டால் அதிரவில்லை. இன்று முதலில் கவனித்தது இதைத்தான்.

நீலம், சாம்பல் எல்லாம் நான் வைத்த பெயர்கள். இரண்டும் கம்ப்ரஸர். ஒலி எகிறும்போது அமுக்கிப் பிடிக்கும். மூன்றாவது, மென்பொருளோடு சும்மா வந்தது. அதற்குப் பெயர் இலவசம்.

பாட்டு ஜெராம் ஊர் உருமி மேளக் குழுவுடையது, ஆடித் திருவிழாவுக்கு. உருமிக்கு அடியில் புவனேசன் அண்ணன் கம்ப்யூட்டரில் கிக் டிரம், அந்தக் கனத்த ‘டம்’ அடி, சேர்த்திருக்கிறார். பெரியம்மா மகன், ஸ்டூடியோ என்பது அவர் வீட்டு முன்னறை. அந்தக் கிக்கை நெஞ்சில் இடிக்கிற மாதிரி கொண்டுவர வேண்டியது என் வேலை. ஒரு வாரமாக இடிக்கவில்லை. ஈரத்துணியைத் தரையில் போட்ட மாதிரி விழுகிறது.

நீலம்தான் சரி என்று நினைக்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

நீலம் இல்லை.

அதன் ஒலி அளவைக் குறைத்துச் சாம்பலுக்குச் சமமாக வைத்துப் பார்த்தேன். டின் அதிரவில்லை. நீலம் தானாகவே சத்தத்தை ஏற்றிக் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். சத்தமாக இருந்ததையெல்லாம் நல்லது என்று நம்பியிருக்கிறேன். முட்டாள்.

ஜூலை 6, ஞாயிறு

காரில் போட்டுக் கேட்டோம். லோகேஸ்வரன் அண்ணனின் மைவி. குழுத் தலைவர் அவர்தான், உருமி அடிப்பவரும் அவர்தான். புவனேசன் அண்ணன் முன் சீட்டில். நான் வழக்கம்போல் பின்னால்.

“என்ன லா இது? கிக்கா, இல்ல பக்கத்து வீட்டுல கதவு சாத்துறாங்களா?”

புவனேசன் அண்ணன் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “அடுத்த ஞாயிறு வரைக்கும் பாரு மா. வரலன்னா ராவாங்ல ஸ்டூடியோ வெச்சிருக்கிற செல்வாகிட்ட கொடுத்துடுறேன். கோவிச்சுக்காத,” என்றார்.

தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா. “பாட்டு முடியட்டும்னு நீதான் சொன்ன. முடிஞ்சதும் என்னோட கிளவுஸ் ஃபேக்டரிக்கு வந்துடணும். சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.”

பாட்டு செல்வாவிடம் போனால் அம்மாவிடம் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இருக்காது. படிவம் நான்கோடு பள்ளியை விட்டு நின்றவளுக்கு நாற்காலி கொடுத்த ஒரே இடம் அந்த முன்னறை. எழுந்து நின்று சத்தமாகப் படி என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுகிறேன். சீக்கிரம் அமுக்கினால் கிக்கின் முனை மழுங்குகிறது. தாமதமாக அமுக்கினால் ‘டக்’ வருகிறது, கனம் வரவில்லை. எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கிறது. எனக்குக் காது இருக்கிறதா இல்லையா?

ஜூலை 9, புதன்

இடிக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

“செல்வா இப்ப ஃப்ரீயா இருக்கான் மா. அனுப்பிட்டேன்,” என்றார் புவனேசன் அண்ணன்.

ஞாயித்துக்கிழமன்னுதானே சொன்னாரு. இன்னும் மூணு நாள் இருக்கே. கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல. தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். எப்பப் பாரு தலைய ஆட்டறது.

ஜூலை 12, சனி

இன்று அம்மா சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். பழைய மிக்ஸை என் போனில் சும்மா ஓடவிட்டேன். சின்ன ஸ்பீக்கரில் கனம் கேட்காது. கிக்கின் ‘டக்’ மட்டும் கேட்கும்.

அம்மாவுக்கே தெரியாமல் கத்தி பாட்டோடு போனது. உருமி விழும் இடத்தில் கத்தி. அதற்குப் பிறகு கிக்.

முதலில் நம்பவில்லை. திரும்பப் போட்டேன். ஒவ்வொரு பகுதியும் தொடங்கும்போது கத்தியும் கிக்கும் ஒன்றாக விழுகின்றன. முடியும்போது கத்தி முந்துகிறது, கிக் பிந்துகிறது.

“எத்தன தடவதான் அதையே போடுவ,” என்றார் அம்மா. கத்தி நிற்கவில்லை.

பதிவன்று லோகேஸ்வரன் அண்ணன் தாளம் எண்ணித் தரும் ஹெட்போனை மாட்ட மாட்டேன் என்றுவிட்டார். “காதுக்குள்ள ஒருத்தன் டிக் டிக்னு கத்திக்கிட்டிருந்தா எனக்குக் கை வராது.” கோயிலில் அடிப்பது போலவே அடித்தார். சாமி வரும் நேரத்துக்கு உருமி வேகம் எடுக்கும். புவனேசன் அண்ணன் பிறகு ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் பொருத்திச் சேர்த்த கிக்கோ ஒரே வேகத்தில் போகிறது. உருமி முதலில் விழுந்து இடத்தை நிரப்பிவிடுகிறது. கொஞ்சம் பிந்தி வரும் கிக் அதற்குள் அமுங்கிவிடுகிறது. இதை எந்தக் கம்ப்ரஸர் தூக்கும்?

லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொரு கிக்காக நகர்த்தி உருமியோடு சேர்த்தேன். ஒவ்வொன்றாக. தோள் வலிக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

மைவி. குவாலா சிலாங்கூர் சாலை. செல்வாவின் மிக்ஸ் ஓடியது. கிக் சத்தமாகத்தான் இருந்தது, கதவே அதிர்ந்தது.

“சத்தம் இருக்கு. ஆனா கால் எழும்பல லா,” என்றார் லோகேஸ்வரன் அண்ணன்.

“இன்னும் ஏத்தச் சொல்லவா?” என்றார் புவனேசன் அண்ணன்.

“ஏத்த வேணாம்ணே,” என்றேன்.

புவனேசன் அண்ணன் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியில் லோகேஸ்வரன் அண்ணனும்.

“கிக் பிந்தி வருதுண்ணே. உருமி முன்னாடி போயிடுது.”

“அப்ப நான் ஓடுறேன்றியா?”

“ஆமாண்ணே,” என்றேன்.

“சாமி வர்ற இடத்துல நடந்தா போவாங்க?” அவர் குரலில் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. முன்னால் குனிந்து வயரைப் புவனேசன் அண்ணன் போனிலிருந்து எடுத்து என் போனில் செருகி, நேற்று நகர்த்திச் சேர்த்த மிக்ஸைப் போட்டேன்.

பாதிப் பாட்டில் லோகேஸ்வரன் அண்ணன் காரை ஓரமாக நிறுத்தினார். ஸ்டீயரிங்கில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்த பிறகுதான் கையை எடுத்தார்.

“எந்தக் கம்ப்ரஸர் மா?” என்றார் புவனேசன் அண்ணன்.

“சும்மா வந்ததுதாண்ணே.”

“செல்வாகிட்ட நான் சொல்லிக்கிறேன்,” என்றார் பிறகு, வெளியே பார்த்துக்கொண்டு.

ஜூலை 21, திங்கள்

அம்மா தனியாக ஃபேக்டரி பஸ்ஸில் போனார். “சாப்பாட எடுத்துட்டுப் போ, ஸ்டூடியோவுல பசியா கிடக்காத,” என்று மட்டும் சொன்னார்.

முன்னறையில் புதுப் பாட்டு வந்திருந்தது. சபாக் ஊர்க் குழுவுடையது. இதிலும் கிக் இடிக்கவில்லையாம்.

நீலத்தையும் சாம்பலையும் திறக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உருமியை மட்டும் ஓடவிட்டேன். செருப்பைக் கழற்றிக் காலைத் தரையில் வைத்து, எந்த இடத்தில் முந்துகிறது என்று கேட்டேன்.