ஒரு சிட்டிகை என்று சொன்னேன்

என் சுண்டுக்கு, அம்மா எழுதுவது.

வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோம் என்று எழுத வரவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் பட்டறைக்குப் போகிறார். நான் திரும்பவும் பட்டன் தைக்கும் வேலைக்குப் போகிறேன். நீ போய் ஏழு மாதமாகிறது. நீ வேலை பார்த்த துணிக்கடையிலிருந்து ஒரு பெண் வந்து உன் டிபன் டப்பாவையும் செருப்பையும் கொடுத்துவிட்டுப் போனாள். குடோனில் நீ மடித்து வைத்த சேலைகளைப் போல யாரும் மடிப்பதில்லை என்றாள்.

உன் தங்கச்சி, சின்னதுக்கு முட்டியில் உனக்கு வந்தது போலவே ஒரு வெள்ளைத் திட்டு வந்திருக்கிறது. முதலில் சுண்ணாம்பு என்று நினைத்துத் தேய்த்துக் கழுவினேன். போகவில்லை. போன மாதம் உதட்டோரத்திலும் வந்துவிட்டது. தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார், இதனால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, மெதுவாகத்தான் கேட்கும் என்றார். அவள் அதையெல்லாம் கேட்பாளா. "அக்காவுக்கு மட்டும் நல்ல மருந்து, எனக்கு ஓசி களிம்பா" என்கிறாள். பள்ளியில் யாரோ அவளைத் தொடமாட்டேன் என்றார்களாம். நீயென்றால் சிரித்திருப்பாய். கன்னத்து வெள்ளையைத் தொட்டுக் காட்டி, "என் கன்னத்துல ஒரு நாடு இருக்கும்மா, விசா இல்லாம யாரும் தொடக் கூடாது" என்று சொன்னவள்தானே நீ. இவளுக்கு உன் வாய் வரவில்லை. போர்வைக்குள் போய் அழுகிறாள்.

உன் மருந்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

கார்போகரிசி விதையை ஊறவைத்து அரைத்து உன் கன்னத்தில் பூசி, காலை வெயிலில் மாடிப்படியில் உட்கார வைப்பேனே. நாட்டு மருந்துக் கடைக்காரர் என்ன சொன்னார் என்பது உனக்கும் தெரியும், கூட இருந்தாய். மேலுக்குப் பூசு, உள்ளுக்கு ஒரு சிட்டிகைப் பொடி, தேனில், காலையில் மட்டும். கூட்டினால் தாங்காது என்றார். இருபதாம் நாள் வெள்ளைக்குள் பழுப்பாகப் புள்ளி புள்ளியாக வந்தது. நீ கண்ணாடியை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் ஓடினாய். அந்த ஓட்டத்தைப் பார்த்துதான் எனக்குப் புத்தி போனது.

முகம் சரியானால் கவுன்டரில் நிற்கலாம், அதுவரை குடோன் என்று உன் சூப்பர்வைசர் சொல்லியிருந்தான். புதுக் கவுன்டர் திறக்க ஒரு மாதம் இருந்தது. நான் விரல் விட்டு எண்ணினேன். ஒரு வேளைக்கு இத்தனை புள்ளி என்றால் இரண்டு வேளைக்கு எவ்வளவு என்று நினைத்தேன். நீ வேலை விட்டு வந்ததும் குடிக்கும் பாலில் ஒரு ஸ்பூன் போட்டேன். சிட்டிகை இல்லை, ஸ்பூன். கசப்பு தெரியாமலிருக்கச் சர்க்கரையை அள்ளிப் போட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுஷன் பேச்சை மீறக் கூடாது என்பாய்.

உனக்குச் சோறு இறங்காமல் போனது. குமட்டியது. கண் மஞ்சளானபோதுகூட, மருந்து வேலை செய்கிறது, உள்ளே இருப்பதை வெளியே தள்ளுகிறது என்றுதான் நினைத்தேன். எட்டு நாள் அப்படியே பால் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர், ஈரல் கெட்டுக்கிடக்கிறது, என்ன கொடுத்தீங்க, எவ்வளவு கொடுத்தீங்கன்னு மறைக்காம சொல்லுங்கம்மா என்று கேட்டார். அப்பா பக்கத்தில் நின்றார். ஒரு சிட்டிகை, காலையில் மட்டும் என்றேன். நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். அதற்கப்புறம் மூன்று நாள்தான் இருந்தாய். இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, கிருமியாகக்கூட இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு நாள் ஓட்டிவிட்டேன்.

நேற்று அப்பா அதே கடைக்குப் போய் கார்போகரிசி வாங்கி வந்துவிட்டார். பெரியவளுக்கு நல்லாக் கேட்டுச்சே, அவ போனது கிருமியாலன்னு டாக்டரே சொன்னாரே, ஒரு சிட்டிகைல யாருக்கு என்ன ஆகப்போகுது, நீயே உன் கையால கொடு என்கிறார். சின்னது அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதிக்கிறாள். நான் என்ன சொல்லித் தடுப்பேன். அவர் நம்புவது என் வாயிலிருந்து வந்த பொய்யை. பொட்டலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, கை தவறிவிட்டது என்றேன். சரி விடு, நாளைக்கு வேற வாங்கிட்டு வரேன் என்றார். திட்டக்கூட இல்லை.

இன்று சாயந்தரம் வாங்கி வந்துவிடுவார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகு இந்த வீட்டில் எனக்கு முகம் இருக்காது. சொல்லாவிட்டால் அந்தக் குழந்தைக்கு வாய் திறக்கச் சொல்லி நானே ஊட்ட வேண்டும். காலையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன், நாக்கு எழவில்லை. தங்கச்சிக்காக நீதான் எனக்கு வாய் கொடுக்க வேண்டும் கண்ணு. நீ இருக்கும் இடத்தில் உனக்கு எந்த நோவும் வேண்டாம்.

அவரிடம் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அந்தக் கசப்பு போகாது. நீ போனதற்கப்புறம் நானே கலக்கிக் குடித்துப் பார்த்தேன், ஒரு வாய்க்கு மேல் முடியவில்லை. நீ தினமும் டம்ளரைக் காலி செய்து கழுவி வைத்தாயே, தெரிந்துதான் குடித்தாயா, சுண்டு?