இடது கண்ணுக்கு ஒரு தாங்கி

நவம்பர் 6, ஞாயிறு

தேவாலயம் முடிந்து வந்து, லவங்கப்பட்டை பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கூடத்தில் துப்பாக்கி அலமாரி திறக்கிற சத்தம். எட்டிப் பார்த்தால் என் வீட்டுக்காரன் ஓரின். குழல் வாய்வழியாக வெடிமருந்து போட்டு இடிக்கிற பழைய மருந்துத் துப்பாக்கியை வலது தோளில் ஏற்றி, சுவரைக் குறிபார்த்துக்கொண்டு நிற்கிறான். காலி துப்பாக்கிதான். ரொம்ப நேரம் அப்படியே நின்றான். பிறகு இறக்கினான்.

"முன்குறியக் காணோம்" என்றான், குழல் முனையில் இருக்கிற குறியை யாரோ திருடிக்கொண்டு போனதுபோல.

வலது கண்ணின் நடுப்பகுதி போய்விட்டது, இனி வராது என்று ஜூலையிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். ஓரங்கள் தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. இடது கண் பழுதில்லை. அன்றிலிருந்து கூடத்து நாற்காலிதான் இவனுக்கு வீடு. மாட்டுச் சந்தைக்குப் போவதில்லை, தம்பி வீட்டுக்குப் போவதில்லை. கிறிஸ்துமஸை ஒட்டி வருகிற மருந்துத் துப்பாக்கி மான் வேட்டைப் பருவம் ஒன்றுதான் பாக்கி. அதையும் இவன் உட்கார்ந்தே கழித்துவிட்டால் அப்புறம் எழுந்திருக்கவே மாட்டான். எனக்கு அந்தப் பயம் இருக்கிறது. எழுதினாலாவது குறைகிறதா பார்ப்போம்.

நவம்பர் 8, செவ்வாய்

இறைச்சிக் கடையில் பகல் முழுக்க மான் கறி பொட்டலம் கட்டினேன். வருகிறவர் எல்லாரிடமும் கேட்டேன், வலது கண் இல்லாதவன் எப்படிச் சுடுவது என்று. எல்லாரும் ஒரே பாட்டு: இடது தோளுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்.

வீட்டில் சொன்னேன்.

"மருந்தப் பத்த வைக்கிற கேப், அதை அடிக்கிற சுத்தியல் எந்தப் பக்கம் இருக்கு? வலது பக்கம். இடது தோள்ல வெச்சா என் மூக்கு அது மேலயே இருக்கும். நெருப்பு மூஞ்சியில அடிக்கும். மிச்சம் இருக்கிற ஒரு கண்ணையும் குடுத்துட்டு வரச் சொல்றியா?"

நான் கறி வெட்டுகிற இடத்தில் இருப்பவள். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் கோபமாகவாவது நாலு வார்த்தை பேசினானே.

நவம்பர் 12, சனி

டெல்மரின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன், தனியாக. குறிபார்க்கிற கண்ணாடிக் குழாயை, அந்த ஸ்கோப்பை, துப்பாக்கிமேல் உட்கார வைக்கிற தாங்கிகளையெல்லாம் மேசையில் பரப்பிக் காட்டினான். இவ்வளவு தினுசா! தாழ்வானதை வைத்தால் சுத்தியலை இழுக்கக் கட்டைவிரலுக்கு இடமில்லை. உயரமானதை வைத்தால் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படாது, முகவாயைத்தான் முட்டுக்கொடுக்க வேண்டும். எதுவானாலும் ஸ்கோப் குழலுக்கு நேர் மேலே, வலது கண்ணுக்கு நேராகத்தான் நிற்கிறது.

"இடது பக்கமாத் தள்ளி வைக்கிற மாதிரி ஒண்ணு இல்லையா? தோள் வலது, கண்ணு மட்டும் இடது."

டெல்மர் சிரித்தான். "துப்பாக்கிக்கு மாறுகண் வேணுங்கிறியா மார்லிஸ்?"

நான் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டு தாடியைச் சொறிந்தான். "கடையில கிடைக்காது. யாராவது செஞ்சாத்தான் உண்டு. நல்ல இரும்பா இருக்கணும். இந்த மருந்து உதைக்கிற உதைக்கு அரைகுறை வேலை தாங்காது."

நவம்பர் 13, ஞாயிறு

ஓரினின் தம்பி கேலன் டிராக்டருக்கே கை கால் ஒட்டவைப்பவன். அவன் பட்டறைக்குப் போய்ச் சொன்னேன்.

"எதுக்கு அண்ணி இந்தப் பாடு? அண்ணன் டிவியில மான் பாக்கட்டும். குளிராது, முதுகும் வலிக்காது."

"உன் வாயை முதல்ல வெல்ட் பண்ணு" என்றேன்.

அப்புறம் சாக்பீஸ் எடுத்துத் தரையில் வரைந்தான். அவன் அண்ணன்மேல் உயிர் வைத்திருப்பவன், எனக்குத் தெரியாதா. துப்பாக்கியைத் தோளில் வைத்தால் இடது கண் எவ்வளவு தள்ளி நிற்கும் என்று கண்ணுக்குக் கண் அளவு வேண்டுமாம்.

நவம்பர் 14

நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான். தையல் நாடாவை மெதுவாக முகத்தில் வைத்தேன். விழித்துவிட்டான்.

"என்னடி பண்றே?"

"கம்பளித் தொப்பி பின்னலாம்னு. அளவு."

"தொப்பிக்கு மூக்கை ஏன் அளக்கிறே?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினேன்.

நவம்பர் 24, நன்றி நாள்

பண்டிகை விருந்துக்கு வான்கோழி, கிரேவி, பூசணி வைத்துச் சுட்ட பைப் பலகாரம். கேலன் ஒரு பழைய துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். வளைந்த கை மாதிரி ஒரு இரும்பு, அதன் முனையில் இரண்டு வளையம், கறுப்புச் சாயம்கூடப் பூசியிருந்தான். ஓரின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தொப்பி நல்லாத்தான் பின்னியிருக்கே" என்றான் என்னிடம்.

சிரித்தான். ஜூலைக்கு அப்புறம் இன்றுதான். நான் பூசணிப் பலகாரம் எடுக்கப் போகிற சாக்கில் உள்ளே போய் அழுதேன்.

டிசம்பர் 3, சனி

கேலனின் சரளைக் குழியில் பழகினோம். முதல் குண்டுகள் எல்லாம் வலப்பக்கமாகவே போயின. ஒவ்வொரு முறையும் மருந்தைக் கொட்டி, குண்டைக் கோலால் இடித்து இறக்கி, திருகைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி. வெடித்ததும் வெள்ளைப் புகை. அது கலையும்வரை பட்டதா இல்லையா தெரியாது. கேலன்தான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுக் கத்துவான்: "அண்ணே, மலைக்குப் பட்டுச்சு!"

கடைசியில் காகிதத் தட்டின் நடுவில் ஓட்டை. கரிமுகத்தோடு வந்து என்னை முத்தமிட்டான். மருந்துப் புகையின் அழுகின முட்டை நாற்றம். இருக்கட்டும், இருக்கட்டும்.

டிசம்பர் 20

விடிவதற்கு முன்பே ஓடை வயலுக்குப் போனான். வெறுங்கையோடு வந்தான். இரண்டு தட்டு சாப்பிட்டான்.

டிசம்பர் 27, செவ்வாய்

இதை இன்றே எழுதிவிடுகிறேன்.

மதியம் அவனுக்குச் சூப் கொண்டுபோனேன். வேலி ஓரமாக, புதர் வழியாக. குளிருக்கு மாட்டுக்கொட்டகைக் கோட்டு, பழுப்பு நிறம். வேட்டைக்காரன் கண்ணில் படுவதற்கென்று போடுகிற ஆரஞ்சுத் தொப்பி மட்டும்தான் தலையில். புதர் தலையை மறைத்திருக்கும். கிளையை விலக்கிக்கொண்டு நிமிர்ந்தேன் — எதிரே துப்பாக்கி வாய். எனக்கு நேராக. அதற்குப் பின்னால் அந்தக் கோணல் ஸ்கோப்பில் என் ஓரினின் கண்.

என்னையா பாத்தான்? என்னையா?

இறக்கிவிட்டான், உடனே. துப்பாக்கியைப் பனியில் போட்டுவிட்டு முழங்காலில் விழுந்தான். நான் போட்ட சத்தம் கேலன் வீட்டுக்கே கேட்டிருக்கும். அறிவிருக்கா உனக்கு, இந்த ஊர்ல நடக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியுமே, துப்பாக்கிக் கண்ணாடி சுடறதுக்கு, பாக்கறதுக்கு பைனாகுலர்னு! என்னென்னவோ கத்தினேன்.

"ஏதோ அசைஞ்சுது. என்னன்னு பாக்கத்தான் தூக்கினேன். சுத்தியல இழுக்கல மார்லிஸ். விரல் வைக்கல. சத்தியமா."

இழுக்கவில்லைதான். ஆனால் கேப் வைத்திருந்தது. பைனாகுலர் வண்டியிலேயே கிடந்தது. அந்த ஸ்கோப்பில் எல்லாம் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறதாம்; இத்தனை மாதத்துக்குப் பிறகு தெளிவாகத் தெரிந்தது அது ஒன்றுதானாம். எது அசைந்தாலும் அதிலேயே பார்க்கப் பழகிவிட்டானாம்.

சூப்பு முழுக்கப் பனியில். கத்தி முடித்ததும் அவன் தலையை என் கோட்டுக்குள் இழுத்து வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வேன்.

டிசம்பர் 28

தாங்கியைக் கழற்றிவிட்டான். திருகாணிகள் ஒரு சாசரில். "இனிமே என் கையால சுடறதில்ல."

டிசம்பர் 30

நாற்காலி. திரும்பவும் நாற்காலி.

ஜனவரி 1, ஞாயிறு

கேலன் வந்தான். "எல்லாரும் ஒரு தடவை அப்படிப் பண்ணினவங்கதான் அண்ணே, விடு."

"அந்த ஒரு தடவைல நின்னது இவ."

கேலன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "அப்ப துப்பாக்கிய எனக்குக் குடுத்திடு" என்றான். ஓரின் என்னைப் பார்த்தான்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வாய்! "அதை யாருக்கும் குடுக்கறதில்ல. நான் சுடறேன். பாக்கறது நீ, சுடறது நான். நிலம் என் பேர்லயும்தான் இருக்கு, எனக்கும் வேட்டைக்கு அனுமதிச் சீட்டு குடுப்பாங்க."

"நீயா? எலிப்பொறியத் தொடவே என்னைக் கூப்பிடுவியே!"

"அதனாலதான் நீ பக்கத்துல இருக்கணும்."

எழுந்தான். எழுந்து, துப்பாக்கியை எடுத்துவந்து என் தோளில் வைத்துப் பார்த்தான். "கழுத்து குட்டை. கேலனோட கோணல் கை உனக்கு உதவாது. உனக்குன்னு வேற தாங்கி பாக்கணும்" என்றான்.

ஜனவரி 3, செவ்வாய்

துப்பாக்கிக் கடைக்கு ஓரினும் வந்தான். தானாகவே கோட்டை மாட்டிக்கொண்டு! டெல்மர் மறுபடியும் எல்லாவற்றையும் பரப்பினான். ஒவ்வொரு தாங்கியாகப் பொருத்தி, துப்பாக்கியை என் தோளில் வைத்து, ஓரின் சொல்வான்:

"கண்ண மூடு. கன்னத்த வை. உனக்கு எது வசதியோ அப்படி. தேடாத. இப்ப தொற."

திறந்ததும் முழு வட்டம் தெரிய வேண்டுமாம். ஓரத்தில் கறுப்பாகப் பிறை விழுந்தால் அந்தத் தாங்கி எனக்கில்லை. முதலாவதில் பிறை. அடுத்ததிலும். மூடுவதும் திறப்பதுமாக எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. நடுத்தர உயரம் ஒன்று, ஸ்கோப்பை முன்னால் தள்ளி வைக்கிறது, கட்டைவிரல் வைத்து இழுக்கச் சுத்தியலுக்குப் பக்கவாட்டில் ஒரு சின்னக் கொம்பு பூட்டிக்கொள்ளலாம். கண்ணைத் திறந்தேன். தெருவுக்கு அந்தப் பக்கம் தானியக் கிடங்கு முழுசாக வட்டத்துக்குள் நின்றது.

"இது" என்றேன்.

ஓரின் தன் விரல்களை என் புருவத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்து இடைவெளி பார்த்தான். போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் தள்ளச் சொன்னான்.

"போதும் ஓரின், எல்லாருக்கும் இதான் அளவு" என்றான் டெல்மர்.

"உதைச்சா புருவம் கிழியும். இது எல்லாரோட புருவமும் இல்ல" என்றான் ஓரின்.

டெல்மர் திருகாணி தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டான்.

ஜனவரி 8, ஞாயிறு

இன்று தேவாலயத்துக்கு மட்டம். ஓடை வயலில் வைக்கோல் கட்டுக்குப் பின்னால் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். நான் தலை முதல் இடுப்பு வரை ஆரஞ்சு. அவன் தன் கையாலேயே பொத்தான் போட்டுவிட்டான். மருந்தும் குண்டும் இடித்து இறக்கியது அவன். பைனாகுலர் அவன் கழுத்தில். எனக்கு வயலும் பனியும்தான் தெரிந்தன.

"பெண் மான். ஓடைக் கரைல. இன்னும் இல்ல... இன்னும் இல்ல. பின்னால யாரும் இல்ல, மேடுதான். கேப் வை. மூச்ச விடு."

சுட்டேன். உலகமே வெள்ளைப் புகை. தோள் கழன்றுவிட்டதோ என்று பார்த்தேன். அவன் கை முதலில் என் புருவத்தைத்தான் தடவியது.

"விழுந்துச்சா?" என்றேன்.

"எனக்கும் தெரியலையே!"

புகை கலையக் காத்திருந்தோம், அவன் என் கோட்டைப் பிடித்துக்கொண்டு. கலைந்தபோது வயல் காலி. வாலைத் தூக்கிக்கொண்டு மான் மேட்டின்மேல் போய்க்கொண்டிருந்தது. ரத்தம் இருக்கிறதா என்று கரைவரை நடந்து தேடினோம். ஒரு சொட்டுகூட இல்லை, சுத்தமாகத் தப்பிவிட்டது. ஓரின் பனியில் உட்கார்ந்து சிரித்தான், கண்ணைத் துடைத்துத் துடைத்து. எனக்கு அழுகை வருமென்று பார்த்தால் நானும் சிரிக்கிறேன்.

நாளை மறுநாளோடு பருவம் முடிகிறது. ஜூலையிலிருந்து காலையில் அவனை எழுப்பி நாற்காலியில் உட்கார வைப்பது என் வேலையாக இருந்தது. நாளைக்கு அவன்தான் என்னை எழுப்புவானாம். விடிந்தும் தூங்குகிறவளை வைத்துக்கொண்டு வேட்டையாட முடியாதாம்.