எத்தனை மணிக்கு வருது உன் சாட்டிலைட்?

அப்பா,

உங்களுக்கு எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவர் நீங்கள். எந்தக் கடிதம் வந்தாலும் பிரிக்காமலே என் கையில் கொடுப்பீர்கள். நானோ நேரில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசத் தெரியாதவள். இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

போன வாரம் அம்மா உங்கள் வேலைச் சட்டையை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். துவைக்கவில்லை. ஜித்ராவில் என் வாடகை அறைக்கு வந்து பையைப் பிரித்தேன். பீடிகூடப் பிடிக்காதவர் நீங்கள். ஆனால் சட்டையில் பச்சை மரம் எரிந்த வாடையும் கொஞ்சம் டீசல் வாடையும் இருந்தன. நாள் முழுக்கக் கணினித் திரையில் புகையைத் தேடுகிறவள் நான். அது என் கட்டில்மேலேயே கிடந்தது.

இந்த வேலை கிடைத்தபோது தோட்டத்தில் யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை. "டிவியில மழை வெயில் சொல்றவளா நீ? எப்ப வருவே, சொல்லு, பாக்குறோம்" என்று பக்கத்து வீட்டு அக்கா கிண்டலடித்தார். அம்மாவுக்கு ஏசி அறை என்றதே போதுமாக இருந்தது. நீங்கள் மட்டும்தான் காட்டச் சொன்னீர்கள். பாலிங்கில் நம் தோட்டத்து வீட்டுக்கு நான் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்தேன். சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வரும் பழுப்புப் புகையையும், நெருப்பு இருக்கும் இடங்களில் விழும் சிவப்புப் புள்ளிகளையும் காட்டினேன். இங்கே தோட்டத்தில் கொளுத்தினாலும் புள்ளி விழும், அபராதம் போடுவார்கள் என்றேன். சில நேரம் வெயிலில் காய்ந்த பெரிய தகரக் கூரையும் புள்ளியாக விழும், ஊரில் விசாரித்து அதை நீக்கிவிடுவோம் என்று சொன்னேன்.

"எந்நேரமும் மேலேயே நிக்குமா அது?"

"இல்லப்பா. நாங்க நம்புற படம் பகல்ல ஒரு தரம்தான். ஒன்றரை மணி வாக்குல கடந்து போவும். தெனம் கொஞ்சம் முன்ன பின்ன ஆகும்."

அதற்குப் பிறகு, நீங்கள் வேலைக்குக் கிளம்புமுன் காலையில் உங்கள் அழைப்பு வரத் தொடங்கியது.

"இன்னைக்கு எத்தனை மணிக்கு வருது உன் சாட்டிலைட்?"

"ஒன்னு நாப்பதுக்குப்பா."

"சரிலா. சாப்பிட்டியா?"

அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு கேள்விக்காக நேர அட்டவணையை முதல் நாளே பார்த்து வைத்திருப்பேன். காலையில் யாரோடு பேசுகிறாய் என்று பக்கத்து அறைத் தோழி சீண்டியபோது, "அப்பா. என் வேலையைப் பற்றிக் கேட்பார்" என்றேன். பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு அப்படி ஒரு பெருமை இருந்ததில்லை.

ஒரு நாள் நம் தோட்டத்திலேயே புள்ளி விழுந்தது. மறுநடவுக்காகக் கிழட்டு ரப்பர் மரங்களைச் சாய்த்திருந்த மேடு. உடனே உங்களைக் கூப்பிட்டேன்.

"அங்க கொளுத்துனாங்களாப்பா?"



"பழைய ஸ்டோர் தகரம்மா அது. நீதானே சொன்னே, தகரம் காஞ்சா புள்ளி விழும்னு."

சொன்னதை நினைவில் வைத்திருக்கிறீர்களே என்று எனக்குச் சந்தோஷம். புள்ளியை நீக்கினேன். குறிப்பில் 'தகரக் கூரை, உள்ளூரில் உறுதி செய்யப்பட்டது' என்று எழுதினேன். அந்த வாரம் அம்மாவுக்கு மூச்சிரைத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். சுமத்ராக்காரர்களைத் திட்டினேன். "அவனுங்களுக்கு வேற வேலையே இல்லையா" என்று நீங்களும் சேர்ந்து திட்டினீர்கள்.

உங்கள் பதினாறாம் நாளன்று, உங்கள் கூட்டத்துக்கு மேற்பார்வை பார்த்த மண்டோர் அண்ணன் ஆறுதலாக நினைத்துத்தான் பேசினார்.

"உங்கப்பா மாதிரி கொளுத்துற ஆளு கிடையாதும்மா. மண்ண அள்ளி விட்டு காத்து எந்தப் பக்கம்னு பாப்பாரு. நாங்க பதினோரு மணிக்கே வெச்சிரலாம்னு நிப்போம். 'இருங்கடா, எம் மக சாட்டிலைட்டு போவட்டும்'னு உக்கார வெச்சிருவாரு. ஒரே ஒரு தரம்தான் கணக்கு தப்புச்சு. அணைச்ச குவியல்ல அடியில கங்கு கெடந்து மறுநா மத்தியானம் பத்திக்கிச்சு."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மரியாதைக்கு நானும் சிரித்தேன். பின்கட்டில் அம்மாவிடம் கேட்டதற்கு, "உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

கொளுத்தச் சொன்னவன் மறுநடவு வேலையை எடுத்த குத்தகைக்காரன். மறுத்திருந்தால் வேலை போயிருக்கும், வேலையோடு தோட்டத்து வீடும் போயிருக்கும். இதெல்லாம் எனக்குப் புரியாதா? நீங்கள் என்னிடம் சொல்லி அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அந்தக் காலை அழைப்பைத்தான் தாங்க முடியவில்லை.

புள்ளியைத் திரும்ப வைத்துவிட்டேன். மேலதிகாரியின் அறைக்கு நானாகப் போய் நின்றது அதுதான் முதல் தடவை. "உள்ளூரில் உறுதி செய்தது யார்?" என்று கேட்டார். "என் அப்பா" என்றேன்.

இன்னமும் நேர அட்டவணையை முதல் நாளே பார்த்து வைக்கிறேன். காலையில் கைபேசி மேசைமேல் இருக்கிறது. ஒன்றரை மணிக்கு ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறேன், கண்ணுக்கு எதுவும் தெரியாது என்று தெரிந்தும்.

கடைசியாக ஒன்றே ஒன்று கேட்கிறேன். அத்தனை காலையில் ஏதோ ஒரு நாள் மழை பெய்திருக்கும். கொளுத்த முடியாத நாள். அன்றைக்கும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தீர்களென்றால், அது எந்த நாள் என்று மட்டும் சொல்லுங்கள் அப்பா.